உப்பும் குரங்கும் நாங்களும்

(பாடசாலையின் நூற்றாண்டு விழாவை ஒட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

அதிபர் அவர்களே, எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த டீச்சர்மாரே, பழைய மாணவியர் சங்கத்துச் சகோதரிகளே, கொழும்பிலிருந்தும் கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் லீவு எடுத்துக்கொண்டு வந்திருக்கும் தோழிகளே, பின் வாங்கில் இருந்துகொண்டு இப்போதே போனைத் திறந்துவிட்ட சின்னப் பிள்ளைகளே,

விழாக் குழு எங்களுக்குத் தந்த தலைப்பு 'நாற்பது வயதைத் தாண்டிய பெண்களின் ஆரோக்கியம்'. எங்கள் பெட்சில் ஒருத்தி டொக்டர் ஆனதால் வந்த வினை. சரி, சொல்லிவிடுகிறோம். சீனியைக் குறையுங்கள். நடவுங்கள். சுகவனிதையர் கிளினிக்குக்கு முப்பத்தைந்து வயதிலும் நாற்பத்தைந்து வயதிலும் கூப்பிடுவார்கள். காசு இல்லை, வெட்கப்படாமல் போங்கள். மார்பில் கட்டி தெரிந்தால் மருமகளின் பிள்ளைப்பேறு முடியட்டும், மகனின் சோதனை முடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். தலைப்பு முடிந்தது. இனி எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விடயத்தைக் கதைக்கிறோம்.

99 ஏ.எல். பெட்ச்சுக்கு ஒரு வட்ஸ்அப் குரூப் உண்டு. நாற்பத்தொரு பேர். அதில் ஒரு சட்டமும் உண்டு: அரசியல் கதைக்கக் கூடாது. சட்டம் போட்டவள் அந்தக் காலத்து மொனிட்டர். இன்றும் அவள்தான் அட்மின். ஏன் போட்டாள் என்பதைப் பிந்திச் சொல்கிறோம். ஆனால் அரிசி, உப்பு, கரண்ட், குரங்கு என்பவை அரசியலுக்குள் அடங்கா என்பது குரூப்பின் தீர்ப்பு. ஆகவே நாள்முழுக்கக் கதைக்கிறோம்.

குரங்கிலிருந்து தொடங்குவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி கழிந்து நாடு முழுக்க ஒரேயடியாகக் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். எங்கள் குரூப் அன்று தூங்கவில்லை. லண்டனில் இருப்பவள் கேட்டாள், "குரங்கு ராஜினாமாச் செய்ததா?" கல்முனையில் இருப்பவள் பதில் போட்டாள், "இல்ல, விசாரணைக் குழு போட்டிருக்கு, அதுலயும் குரங்குதான் தலைவர்." ஜனாதிபதி, பிரதமர், அமைச்சர் என்று எத்தனையோ பேரைக் குற்றம் சொல்லிக் களைத்துப்போன நாட்டுக்கு அந்தக் குரங்கு ஒரு ஓய்வு தந்தது என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் அதற்கும் மேலே போனார்கள். மார்ச் 15, சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை, நாட்டிலுள்ள எல்லோரும் தங்கள் வளவிலும் வயலிலும் நின்று குரங்கு, மந்தி, தாண்டன் அணில், மயில் இவற்றை எண்ண வேண்டும். பயிருக்குச் சேதம் செய்யும் பிராணிகளின் கணக்கு அரசாங்கத்துக்குத் தேவையாம். ஐந்து நிமிடம். ஒரே நேரத்தில் எண்ணினால் ஒரு குரங்கு இரண்டு வளவில் அகப்படாது என்பது ஏற்பாடு. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் காலை எட்டு மணிக்கு எங்கள் வீடுகளில் எண்ணக்கூடிய ஒரே பிராணி, ஸ்கூல் வானைத் தவறவிட்ட பிள்ளை.

இந்த இடத்தில் சாகாமத்தை அறிமுகப்படுத்த வேண்டும். ஊரை அல்ல, எங்கள் வகுப்புத் தோழியை. அக்கரைப்பற்றிலிருந்து சாகாம வீதியால் உள்ளே போனால், வயல் கடந்து, குளம் இருக்கும் ஊர் அது. அங்கிருந்து விடுதிக்கு வந்த ஒரே பிள்ளை என்பதால் அவளை எல்லோரும் 'சாகாமம்' என்றுதான் கூப்பிட்டோம். சாகாமம் என்றால் சாகாமல் இருக்கிற ஊரா என்று பகிடி பண்ணுவோம். "ஓம், நீங்க எல்லாம் போன பிறகும் நாங்க இருப்பம்" என்பாள். அது யுத்த காலம். கிழமை முடிவில் வீட்டுக்குப் போய்வரும்போது வழியில் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை இடத்தில் பையைத் திறந்தார்கள், எத்தனை இடத்தில் திறக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு வந்து விடுதியில் சொல்வாள். எங்களில் இரண்டு பேருடைய வாப்பாமாருக்குச் சாகாமத்து வட்டையில் காணி இருந்தது. பல வருடம் அந்தப் பக்கம் போக ஏலாது. அவளுடைய அப்பாவுக்கு அக்கரைப்பற்றுச் சந்தைக்கு வரப் பயம். பிள்ளைகள் நாங்கள் ஒரே வாங்கில் இருந்து, ஒருத்தியின் கணக்குக் கொப்பியைப் பார்த்து மற்றவள் எழுதினோம். கொப்பி அவளுடையது. எண்ணுவதில் அன்றைக்கே கெட்டிக்காரி.

அந்தச் சனிக்கிழமை எட்டு பத்துக்கு அவளிடமிருந்து குரூப்புக்குச் செய்தி வந்தது. "மயில் 14. குரங்கு 22, அதுல ரெண்டு பேர் ரெண்டு தரம் வந்திருக்கலாம், முகம் ஒண்டு போல. அணில் இல்ல. யானைக்குக் கடுதாசியில இடமே இல்ல. ராத்திரி வந்தது மூண்டு." பிறகு ஒரு படம்: விழுந்து கிடக்கிற தென்னம்பிள்ளை. தேங்காய் ஒன்று இருநூறு ரூபா தாண்டிய நேரம் அது. நாங்கள் சிரிப்புப் பொம்மை போட்டோம். கொஞ்ச நேரம் கழித்து சில பேர் அதை அழித்தோம்.

உப்புக் கதை டொக்டரின் கதை. இருபது வருடமாக எங்களில் டொக்டர் கிளினிக்கில் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "உப்பைக் குறையுங்கள்." ஒருவரும் கேட்டதில்லை. 2025 மே மாதம் அரசாங்கம் அதை ஒரே கிழமையில் செய்து முடித்தது. கடையில் உப்பு இல்லை. இருந்த கடையில் விலை கேட்டால் பிரசர் ஏறும். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த நாடு, மழை உப்பளங்களைக் கரைத்துவிட்டதென்று இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு வாங்கியது. ஒரு மூத்தம்மா கை நீட்டியபடி கேட்டார், "இந்த மாசம் பிரசர் குறைஞ்சிருக்குமே மகள், உப்பு கிடைக்கல்லயே?" குறையவில்லை. உப்புத் தேடி நாலு கடை நடந்ததில் கூடியிருந்தது.

இதில் பகிடிக்கு அப்பால் ஒன்று உண்டு. 1995 முதல் இந்த நாட்டில் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்கப்படுகிறது. எங்கள் உம்மம்மாமாரின் காலத்தில் கழுத்தில் கழலையோடு நடந்த பெண்களை இப்போது ஊரில் காண்பது அரிது. அதற்கு அந்தப் பக்கற் உப்புக்கும் பங்குண்டு. தட்டுப்பாடு வந்ததும் எங்கிருந்தோ மூடையில் வந்த கல்லுப்பைச் சனங்கள் வாங்கினார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அயடீன் போதாமல் போனால் அந்தப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத்தான் கேடு. அமைச்சர் யார் என்பதை நாங்கள் மறந்துபோவோம். உப்புப் பக்கற்றில் 'அயடீன் கலந்தது' என்று இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மறக்க வேண்டாம். விழாக் குழு தந்த தலைப்புக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அதிசயம். 2019இல் கோட்டாபய ராஜபக்சவுக்கு 69 லட்சம் பேர் வாக்களித்தார்கள். 2022 ஜூலை 9 சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்தார்கள். 13ஆம் திகதி அவர் மாலைதீவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த 69 லட்சம் பேரில் ஒருவரையாவது நேரில் கண்டவர் உண்டா? எங்கள் கொழும்புத் தோழிகளுக்கு அயலவர், அலுவலகத்தார் எல்லோரிடமும் கேட்டும் அகப்படவில்லை. எங்கள் பகுதியில் அவருக்கு வாக்குப் போட்டவர்கள் குறைவு, அது உண்மை. அதற்காகப் பெற்றோல் வரிசையில் எங்களுக்கு ஒரு அடி கழிவு கிடைத்ததா? இல்லை. இப்போது ஆட்சியில் இருப்பவர்களுக்கு 2024இல் 159 ஆசனம் விழுந்தது. இன்றைக்கு எல்லோரும் தாங்கள்தான் மாற்றத்துக்குப் போட்டோம் என்கிறார்கள். இன்னும் நாலு வருடம் கழித்து இதே மண்டபத்தில் கைதூக்கச் சொல்லிப் பார்ப்போம்.

கல்முனைக்காரர்கள் தனி ரகம். 2025 மே 6 நாடெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது, கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை; வழக்கு இருந்தது. 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்த நாளிலிருந்து எங்களுக்கு உறுப்பினர் கிடையாது. தெரு விளக்கு எரியாவிட்டால் ஏசுவதற்கு ஒரு முகம் வேண்டாமா? கட்டாரில் இருப்பவள் அன்று எழுதினாள், "உங்கட ஊர்ல மட்டும் ஒருத்தரும் தோற்கல்லயே, பெருமைப்படுங்க." பக்கத்தில் சாய்ந்தமருதுக்காரர்களுக்கு 2020 பெப்ரவரியில் தனி நகர சபை வர்த்தமானியில் வந்தது, பட்டாசு வெடித்தார்கள், ஒரு கிழமைக்குள் அதை நிறுத்திவிட்டார்கள். பட்டாசுக் குப்பையைக் கூட்ட வந்தது பழைய சபையின் ட்ரக்டர்தான் என்று எங்களில் சாய்ந்தமருதுக்காரியே சொல்லிச் சிரித்தாள்.

இப்படி எதைப் பற்றியும் சிரிக்கிறோம். ஒன்றைத் தவிர. அந்தச் சட்டம் வந்த கதை அதுதான்.

2019 ஜூன். ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் குண்டு வெடித்து, 26இல் சாய்ந்தமருதிலும் வெடித்து, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எங்களில் அபாயா போட்டவர்கள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட் காலியாக இருந்த நாட்கள். கல்முனையில் ஒரு பந்தல் போட்டார்கள். ஒரு பௌத்த பிக்கு, ஓர் இந்துக் குரு, மாநகர சபையின் தமிழ் உறுப்பினர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுமையான பிரதேச செயலகமாகத் தரம் உயர்த்த வேண்டும் என்று. சில நாளில் இன்னொரு பந்தல் எழுந்தது. அதில் முஸ்லிம்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அப்படி உயர்த்தக் கூடாது என்று.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காக இரண்டு வரியில் சொல்கிறோம். தமிழ் ஆட்கள் சொல்வது: முப்பது வருடமாக அந்தக் கந்தோர் இயங்குகிறது, ஆளணி இருக்கிறது, சனம் இருக்கிறது; ஆனால் காசுக்கும் காணிக்கும் இன்னொரு கந்தோரின் கையெழுத்தைப் பார்த்திருக்க வேண்டும், இது எந்த நியாயம்? முஸ்லிம் ஆட்கள் சொல்வது: ஊர் ஊராகச் சேர்ந்து கிடக்கிற நகரத்தை இனத்தைப் பார்த்துக் கோடு கீறினால் கடைத்தெரு ஒரு பக்கம், கடைக்காரன் மறுபக்கம் ஆகிவிடும், நாங்கள் உழைத்து எழுப்பிய நகரம் கையை விட்டுப் போய்விடும். இரண்டு பேருடைய பயமும் பொய்யல்ல. இதை இந்த மேடையில் சொல்லியாயிற்று. கூரை விழவில்லை.

அன்று குரூப்பில் சொல்லவில்லை. எங்களில் ஒருத்தி முதல் பந்தலின் படத்தைப் போட்டு கும்பிடும் கை இரண்டு வைத்தாள். பத்து நிமிடத்தில் இன்னொருத்தி இரண்டாவது பந்தலின் படத்தைப் போட்டாள். அவ்வளவுதான். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. மொனிட்டர் 'இனி அரசியல் வேண்டாம்' என்று சட்டம் போட்டாள். எங்களில் டொக்டர், அதாவது இப்போது மைக்கின் முன்னால் நிற்பவள், கதையை மாற்றுவதற்காக வெந்தயத் தண்ணீரின் நன்மைகள் என்று ஒன்றை அனுப்பினாள். அதில் பாதி பொய் என்று அவளுக்கே தெரியும். அதன் பிறகு பதினொரு நாள் குரூப்பில் சத்தமே இல்லை. நாலு பேர் வெளியேறினார்கள். இரண்டு தமிழ், இரண்டு முஸ்லிம். அதிலும் விகிதாசாரம் பிழைக்கவில்லை.

அடுத்த வருடம் கொரோனா. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியோடு கொரோனாவில் மௌத்தான எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று ஆனது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடி நீரில் வைரஸ் பரவும் என்றார்கள். நாங்கள் படித்த மருத்துவத்தில் அப்படி ஒரு பாடம் இருக்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு அதே சுற்றறிக்கையின் கீழ் வேலை செய்தோம். டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையை கொழும்பில் எரித்தார்கள். அதன் பிறகு பொரளை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். இன மத பேதமில்லாமல் கட்டினார்கள்.

அந்தக் கிழமை அக்கரைப்பற்று முடக்கத்தில் இருந்தது. பின்னேரம் ஒன்று, குரூப்பில் ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. சாகாமத்தில் அவளுடைய வளவு வேலி. முள்ளுக் கம்பியில் அவளுடைய அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. அந்த ஒழுங்கையில் ஒரு முஸ்லிம் குடும்பம் கிடையாது. அதைப் பார்த்துப்போக மயிலும் குரங்கும்தான். யாருக்காகக் கட்டினாள்?

படத்தின் கீழே கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி ஒரு வொய்ஸ் போட்டாள். ஒன்றரை நிமிடம். அதில் சொல் எதுவும் இல்லை, அழுகை மட்டும். அவளுடைய மாமனாரை மூன்று கிழமைக்கு முன்பு எரித்திருந்தார்கள். அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று நாங்கள் கேட்கவும் இல்லை, சட்டம் இருந்ததே. 2021 பெப்ரவரி 25 அடக்கம் செய்ய அனுமதித்தார்கள், மார்ச்சில் ஓட்டமாவடியில் நிலம் திறந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. வெளியேறிய நாலு பேரில் மூன்று பேர் அந்தப் படத்துக்குப் பிறகு திரும்பி வந்தார்கள். நாலாமவளை இன்று முன்வரிசையில் காண்கிறோம். கூப்பிட்டது யாரென்று தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

2022ஐப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைச் சோதனையைப் பிற்போட்டார்கள். கணக்குப் பாடத்துக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்த எங்கள் காலத்தில் இப்படி ஓர் அரசாங்கம் வாய்க்கவில்லையே என்று கவலைப்பட்டோம். சுகாதார ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் தனியாகப் பெற்றோல் தந்தார்கள். ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு, மூன்று நாள் வரிசையில் படுத்துக்கிடந்தவர்களைக் கடந்து செட்டுக்குள் போவதுபோல ஒரு நடையை நாங்கள் வாழ்க்கையில் நடந்ததில்லை. ஜூலையில் கியூஆர் வந்தது. கார் இருபது லீட்டர், ஆட்டோ ஐந்து, மோட்டார் சைக்கிள் நாலு, ஒரு கிழமைக்கு. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் எத்தனை லீட்டர் மிச்சம் என்று கேட்டதாக ஒரு கதை உலாவியது. கதைதான். ஆனால் நம்பினோம்.

சாகாமத்தின் பாடு வேறு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை நீக்கினாலும் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது, உரம் வரவில்லை. அவளுடைய வயலில் நெல் கதிர் வைத்தும் பால் பிடிக்கவில்லை. பிறகு யூரியா மூடை ஒன்று முப்பதாயிரத்தைத் தாண்டி விற்றது. அவள் பகிடியாக எழுதினாள், "இந்த முறை யானைக்கும் நட்டம்." அடுத்த செய்தி பகிடி இல்லை. அவளுடைய அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரசர். கிளினிக்குக்கு வர பஸ் இல்லை, ஆட்டோக்காரர் பெற்றோலுக்காக வரிசையில். மருந்து முடிந்து ஒன்பது நாள். ஊரில் இன்னும் இருபத்தாறு பேர் அப்படி. எண்ணிவிட்டாள். யாருக்கு என்ன மருந்து, எத்தனை நாளாக இல்லை என்று கணக்குக் கொப்பியில் கோடு கீறி எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். அதே எழுத்து. நாங்கள் பார்த்து எழுதிய அதே எழுத்து.

அந்தக் கொப்பிதான் எங்கள் சாகாமம் கிளினிக். வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு போட்டார்கள். ஊரில் இருப்பவர்கள் மருந்து தேடினார்கள். இரண்டு கடையில் மெட்போர்மின், ஒரு கடையில் பாதி அட்டை லொசார்ட்டன். அந்த வட்டையில் மறுபடி பயிர் செய்யும் எங்கள் வாப்பாமாரில் ஒருவர் ட்ரக்டரில் ஏற்றிப் போனார். கடைசியாக அவர் அந்த ஊர் வீடொன்றில் தேத்தண்ணி குடித்தது எங்களில் யாரும் பிறக்குமுன். இன்சுலின் போத்தல்களை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு ட்ரக்டர் பெட்டியில் இருந்தோம். கண்ட பள்ளமெல்லாம் விழுந்து எழும்பிப் போய்ச் சேர்ந்தபோது நோயாளிகளைவிட எங்களுக்குத்தான் நோவு.

இப்படியெல்லாம் இருந்துவிட்டு, இந்த விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கப் போனோம்.

பிரதம அதிதி யார்? பாடசாலை நூறு வருடம் கண்டிருக்கிறது. அரச அதிகாரிகளைக் கூப்பிட வேண்டும். ஒரு பிரதேச செயலாளர் வந்தால் மற்றவரையும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பெயருக்குக் கீழே எப்படிப் போடுவது? 'உப பிரதேச செயலகம்' என்று அடித்தால் எங்களில் பாதிப் பேருக்கு முகத்தில் அறைந்த மாதிரி. 'உப' இல்லாமல் அடித்தால் மற்றப் பாதிக்கு. உபகுழு ஒன்று போட்டோம். ஓம், உபகுழு. அந்தச் சொல்லில் ஒருவருக்கும் கோபம் இல்லை. பாணந்துறை மின்நிலையத்துக்கும் 'உப' இருந்தது, குரங்குகூடக் குறை சொல்லவில்லை. உபகுழு மூன்று முறை கூடியது. மூன்றாம் முறை இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். அன்றிரவு குரூப்பில் மறுபடி அதே அமைதி. 2019இன் அமைதி எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எங்களில் டொக்டரின் கை வெந்தயத் தண்ணீரைத் தேடியது உண்மை.

சாகாமம் மட்டும் ஒரு வொய்ஸ் போட்டாள். "புள்ளைகளே, எனக்கு உங்கட கந்தோரும் வேணாம் கோடும் வேணாம், எங்கட ஊர் திருக்கோவில்ல இருக்கு. நீங்க சண்டை பிடிங்க. சத்தமாப் பிடிங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க, ஆர் வெளியில போனது எண்டு எண்ண எனக்கு ஏலாது."

பிறகு சண்டை பிடித்தோம். அன்றிரவு ஒன்றரை மணி வரைக்கும், வாழ்க்கையில் முதல் தரம். தட்டச்சுச் செய்து கை நோகிறதென்று வொய்ஸுக்கு மாறினோம். எழுதக்கூடாத வார்த்தை சிலவும் எழுதினோம். ஒருத்தி 1990ஐ எடுத்தாள். இன்னொருத்தியும் எடுத்தாள், வேறு ஊரின் 1990ஐ. இரண்டு பேருக்கும் அன்று பத்து வயது. இரண்டு பேரும் கண்டது வீட்டிலிருந்து எல்லோரும் ஓடியதை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பெருநாளைக்கும் தைப்பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பியவர்கள், மற்றவளின் வீட்டில் அந்த வருடம் யார் இல்லாமல் போனார்கள் என்பதை அன்றிரவுதான் கேட்டார்கள். ஒருவரும் வெளியேறவில்லை. தீர்வும் கிடைக்கவில்லை. அந்தக் கந்தோருக்கு எங்களிடம் இன்றுவரை ஒரு பதில் இல்லை; நாற்பத்தொரு பேருக்கும் பத்துப் பதில் இருக்கிறது.

அழைப்பிதழில் பிரதம அதிதி என்ற வரியை எடுத்துவிட்டோம். அச்சகத்துத் தம்பி நம்பவில்லை. "பிரதம அதிதி இல்லாமக் கார்ட்டா? ப்ரூப் பிழை எண்டு நினைப்பாங்களே" என்றார். உங்களிலும் சில பேர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். பிழையல்ல. எங்களால் தீர்க்க முடியவில்லை என்பதற்கான வெறும் இடம் அது. அதிகாரிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார்ட் போனது, கதிரையில் பெயர் ஒட்டவில்லை. யார் வந்து எங்கே இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.

சாகாமம் இன்று வரவில்லை. வயல் வேலை. நேற்றிரவும் வளவுக்கு வந்துபோயிருக்கிறது, இந்த முறை இரண்டு. அவளுடைய அம்மாவின் சீனி போன மாதம் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தது. அதை இந்த மேடையில் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஓர் அறிவித்தல். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளினிக் இருக்கிறது. காலை ஆறரைக்குப் பாடசாலை வாசலிலிருந்து வான் வெளிக்கிடும். ட்ரக்டர் இல்லை, பயப்பட வேண்டாம். மூன்று சீட் காலியாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு முதலிடம், நீங்கள் காசு போட்ட மருந்தை நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். வருபவர்கள் தேத்தண்ணிக்கு முன் மொனிட்டரிடம் பெயரைக் கொடுங்கள். திரும்பி வரும்போது வழியில் யானை நின்றால் இருட்டிவிடும். வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.